பட்டில் நெய்த பாத்ரூம் மக்

நான் எழுதிய மென்பொருளை நானே சோதித்துப் பார்த்தபோது இதுவரை அதில் ஒரு பிழையும் கண்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதை வீடு முழுக்கத் தேடுகிறவன் நான். என் வேலையில் உள்ள ஓட்டை என் கண்ணில் படாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சாட்சியோடு நிரூபித்துக் காட்டினார்கள். அந்தச் சாட்சி இன்றைக்கும் இருக்கிறது. அரக்கு நிறப் பட்டில், ஜரிகையால் நெய்த ஒரு பாத்ரூம் மக்.

சென்னையில் நெடுங்காலம் கம்பெனிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். இளைஞர்களுக்கு வழிவிடும்படி மரியாதையாகச் சொன்னார்கள். நானும் மரியாதையாக வழிவிட்டுக் காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிட்டேன். மாடியறையில் ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி. ஜன்னலைத் திறந்தால் கேபிள் கம்பிகளுக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கோபுரத்தின் மேல் பாதி தெரியும். கீழ்ப் பாதியை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் பட்டுப் புடவைக்காரன். வீட்டுக்குப் பின்கட்டில் தறிகள் வைத்திருக்கிறான், தானும் தறியில் உட்கார்ந்து நெய்வான். அவற்றில் ஒரு தறியின் தலையில் மின்னணு ஜக்கார்டு பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தான். முன்பெல்லாம் துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று அந்தத் துளைகள் சொல்லும். இப்போது அந்த வேலையைப் பெட்டி செய்கிறது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கிப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் போதும். படத்தைக் கட்டமாக்க ஒரு மென்பொருள் வேண்டும். பெட்டியோடு வந்த மென்பொருளுக்கும் என் நண்பனுக்கும் முதல் நாளிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை.

"நீதான் கம்ப்யூட்டர்லயே பொறந்து வளந்தவனாச்சே, ஒண்ணு எழுதிக் குடுடா" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. முடித்ததும் சோதித்தேன். ருத்திராட்சம், சக்கரம், இருதலைப் பட்சி, எதிரெதிரே நிற்கும் ஜோடி மயில் என்று வழக்கமான உருக்களையெல்லாம் போட்டு மாதிரித் துண்டுகள் நெய்தோம். எல்லாம் அச்சு மாதிரி வந்தன. என் மனைவி பார்த்துவிட்டு "நல்லா இருக்குது" என்றாள். சாம்பாரில் நான் உப்புப் போட மறந்த அன்றும் இதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னாள். நண்பன் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினான். இதற்கு மேல் ஒரு மென்பொருளுக்கு என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்போது நண்பனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். மகள் முகூர்த்தத்துக்கு உடுத்துவது தன் தறியில் இறங்கிய புடவையாக இருக்க வேண்டும் என்பது நண்பனின் ஆசை. ஆசை என்பது சின்னச் சொல். ஊரார் மகள்களுக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்த கை அது; சொந்த மகள் கடையில் வாங்கிய புடவையோடு மணையில் உட்கார்ந்தால் அதற்குப் பிறகு தறியில் ஏற மனம் வராது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னான். முந்தானையில் என்ன வேண்டும் என்று மகளே சொல்லிவிட்டாள். மயில் வேண்டாமாம், மாங்காய் வேண்டாமாம். பின்னால் கோபுரம், முன்னால் சாமி புறப்பாடு. குடை பிடித்தபடி வரிசையாக யானைகள் நடந்து போக வேண்டும். சின்ன வயதில் மாட வீதியில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த காட்சி. நண்பன் கட்டத்தாளில் பென்சிலால் வரைந்தான். அவ்வளவு அழகான யானைகளை நான் நிஜத்தில் பார்த்ததில்லை.

கல்யாணப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் பட்டு நூல், சாயமேறித் தயாராக இருந்தது. திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் தறியில் ஏற்றுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்தப் பெண் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அங்கிள், சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சும்மா."

"யாரு பண்ணாங்க?"

"நான்தான்."

"எழுதுனது?"

"அதுவும் நான்தான்."

 பிறகு, "அப்பா பாத்தாரா?" என்றாள்.

"பாத்தாரும்மா."

"இன்னா சொன்னாரு?"

"கற்பூரம் காட்டினாரு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அங்கிள், எங்க வார்டுல சில ஊசியெல்லாம் எடுத்த நர்ஸே சரின்னு சொல்லிப் போட முடியாது. இன்னொருத்தர் வந்து தனியா பாக்கணும். நான் கெட்டிக்காரியா இல்லையான்றது கேள்வியே இல்ல. எடுத்த கைக்கு, தான் எடுத்தது சரின்னுதான் தோணும். நீங்க வெளியாளு ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. இல்லாட்டி நான் கடையிலயே ஒண்ணு வாங்கிக்கறேன். தப்பா நெய்ஞ்சிட்டு அப்பா மூஞ்சி வாடறதை என்னால பாக்க முடியாது."

கடையிலயே ஒண்ணு என்ற வார்த்தையை நான் நண்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் தறியை விட்டே எழுந்துவிடுவான். எனவே வெளியாளைத் தேடினேன்.

ஊருக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பதுதான் அவர் வேலை. மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் போட்டு, இது ஓடாது, அது ஓடாது என்று சொல்வதற்குச் சம்பளம். ஏனாத்தூரில் மாணவர்கள் கூட்டமொன்றில் நான் பேசப் போனபோது அவர் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கைதட்டிய பிறகு எழுந்து, "சார், நீங்க காட்டுன அந்த ப்ரோக்ராம்ல பேரை எழுதாம காலியா விட்டா என்ன ஆவும்?" என்று கேட்டார். விட்டுப் பார்த்தோம். திரை வெள்ளையாகிவிட்டது. அப்போதிருந்தே எனக்கு அவரை நினைவிருக்கிறது; மறக்க முயன்றும் முடியவில்லை.

ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "வரேன் சார். ஆனா பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் ஃபீஸ் ஒண்ணுதான்" என்றார். "பாஸ் ஆனா கொஞ்சம் சேத்துக் குடுக்கறேன்னு யாராச்சும் சொன்னா வரமாட்டேன்." நான் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தறியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று கேட்கவில்லை. "இது தப்பா போனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"முந்தி கெட்டா புடவை முழுக்கக் கெட்டதுதான்மா" என்றான் நண்பன். "பிரிக்க முடியாது. பிரிச்சா இழை அறுந்துடும். வேற பாவு போடறதுக்கும் கல்யாணத்துக்குள்ள நேரம் கெடையாது."

"அப்போ உங்க பொண்ணு கடைப் புடவை கட்டுவாங்க."

நண்பன் என் பக்கம் திரும்பினான். அந்த வார்த்தையை அவனுக்குக் கேட்காமல் நான் ஒரு வாரமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன். இவர் வந்த ஐந்தாவது நிமிடத்தில் போட்டு உடைத்தார்.

நாங்கள் நெய்து வைத்திருந்த மாதிரித் துண்டுகளைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜோடி மயிலை ஃபோனில் படம் பிடித்து ஏதோ தட்டினார். எங்களிடம் நீட்டி, "இது எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குது" என்றோம் இருவரும்.

"இப்போ?"

"அதேதான்."

"இல்ல. இப்போ காட்டுனது கண்ணாடியில தெரியற மாதிரி எடம் வலமா திருப்புனது. உங்க மயிலு, ருத்திராட்சம், ரெண்டு தலை பறவை, சக்கரம், எல்லாமே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்குது. இதுவரைக்கும் நீங்க நெய்ஞ்சதெல்லாம் எடம் வலம் மாறி வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உடனே நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் இடம் வலம் விஷயத்தை நான் ஏற்கெனவே யோசித்துத் தீர்த்து வைத்திருந்தேன். நண்பனின் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்தபடிதான் நெய்வார்கள். நெய்கிறவனுக்குத் தெரிவது முதுகு. நெய்த துணியைப் புரட்டினால் இடம் வலமாகிவிடும் அல்லவா? அதை நானாகவே கண்டுபிடித்து, அதற்கு ஈடுகட்டி வைத்திருந்தேன். சாவகாசமாக ஒருநாள் எல்லாரும் வியக்கும்படி சொல்லலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ரகசியப் பெருமை அது. இப்போது சொல்ல வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினேன்.

அவர் கையை உயர்த்தினார். "விளக்கம் வேணாம் சார். கேட்டா நானும் உங்களை மாதிரியே நெனைக்க ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் நான் எதுக்கு?"

அன்றைக்கு என்னைப் பேச விட்டிருந்தால் அந்த நிமிடமே விஷயம் வெளிவந்திருக்கும் என்று பிற்பாடு அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "வந்திருக்காது சார். நீங்க அரை மணி நேரம் பேசியிருப்பீங்க. தறிக்கார அண்ணன் தூங்கியிருப்பாரு" என்றார்.

அவர் பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடியில், தண்ணீர் டிரம்மின் மேல் ஒரு நீல நிற பிளாஸ்டிக் மக் கவிழ்ந்திருந்தது. அதை எடுத்து, கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்படி சுவரோரம் வைத்து, படம் பிடித்தார்.

"இதை நெய்யுங்க."

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு மக்கைப் பார்த்தான். "எதை?"

"இந்த மக்கை. ஒரு பக்கம் மட்டும் பிடி இருக்குது பாருங்க. மாறி வந்தா உடனே தெரிஞ்சுடும்."

"தறியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுதாம்மா நான் ஏறுவேன். அதுல பாத்ரூம் மக்கா? அதுவும் ஜரிகையில?" அவன் கட்டத்தாளையும் பென்சிலையும் கையில் எடுத்தான். "ஒரு பக்கம் மாதிரி ஒரு பக்கம் இல்லாததுதானே வேணும்? சங்கு போடலாம். வலம்புரிச் சங்கு. நானே வரைஞ்சு தரேன், ஒரு நிமிசம் இருங்க."

"நீங்க வரைஞ்சு குடுக்கறது வேணாம்ணா. பரிச்சை எழுதறவரே கேள்வித்தாள் குடுத்தா எப்படி?"

நண்பன் தெலுங்குக்குப் போய்விட்டான். அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. வெளியாட்கள் எதிரில் அதற்குப் போனால் கோபம் என்று பொருள். அவன் மனைவி காபி டம்ளர்களோடு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "புது மக்குதான்பா அது" என்றார் நிதானமாக. "பாத்ரூம் பக்கமே போனதில்ல. அதுல தண்ணி மொண்டு செம்பருத்திச் செடிக்குத்தான் ஊத்தறேன். அந்தப் பூவைத்தானே நீ தெனம் சாமிக்கு வெக்கற?"

இந்த வம்சாவளியைக் கேட்டதும் நண்பன் கொஞ்சம் இறங்கி வந்தான். பழைய பாவு ஒன்றின் கடைசியில் கொஞ்சம் நூல் மிஞ்சியிருந்தது; மூன்று சின்னத் துண்டுகளுக்குக் காணும், அதற்கு மேல் வராது. அதில் நெய்யச் சம்மதித்தான். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஒற்றிக்கொண்டதாக எனக்குப் பட்டது.

நெய்யும்போது அவன் முகத்தில் கோபம் போய் ஒரு இளக்காரச் சிரிப்பு வந்திருந்ததைக் கவனித்தேன். பள்ளியில், பக்கத்துப் பையன் தப்பாக எழுதுவதைப் பார்த்தும் சொல்லாமல் இருப்பானே, அந்தச் சிரிப்பு. எதற்கென்று அப்போது புரியவில்லை.

குறுக்கு இழையோடு நாடா இங்குமங்கும் போய் வந்தது. பெட்டி கடகடத்தது. கொஞ்சம் கொஞ்சமாக அரக்குப் பட்டில் தங்க மக் ஒன்று எழுந்தது. முடித்ததும் நண்பன் பிடிப்பைத் தளர்த்தித் துணியைப் புரட்டினான். அவர் நிஜ மக்கைப் பக்கத்தில் பிடித்தார். நிஜத்திலும் பிடி வலப்பக்கம். பட்டிலும் பிடி வலப்பக்கம்.

"பாஸ்!" என்று நான் கத்திவிட்டேன். கை குலுக்கக் கையும் நீட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, நண்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, ஏன் முழிக்கிறீங்க?"

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "இது எப்படி நேரா வந்துச்சு?" என்றான்.

"நேரா வரணும்னுதானே இவ்ளோ பாடு?" என்றேன்.

"அது இல்லடா. அந்தம்மா போட்டோ புடிச்சி அப்படியே குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கல. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். திருப்பாம குடுத்தா பிடி எடப்பக்கம் வரணும். வரட்டும், அப்புறம் சொல்லிக் காட்டலாம்னு இருந்தேன்."

"அதான் ப்ரோக்ராமே திருப்பிடுதே."

"எது?"

"ப்ரோக்ராம்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

நண்பன் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். "நான் யானையைத் திருப்பித்தான்டா வரைஞ்சிருக்கேன்" என்றான்.

நடந்தது இவ்வளவுதான். அவன் வீட்டில் தலைமுறையாகத் தறிக்குக் கொடுக்கும் படத்தை இடம் வலமாக மாற்றித்தான் வரைவார்கள். அவன் கைக்கு அது பழகிப்போய், தான் திருப்பி வரைவதே அவனுக்குத் தெரியாது. வலக்கையால் சாப்பிடுகிறேன் என்று யாராவது தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? எனவே அவன் என்னிடம் சொல்லவில்லை. நானோ என் கண்டுபிடிப்பை அடைகாத்துக்கொண்டிருந்ததால் அவனிடம் சொல்லவில்லை. அவன் ஒரு தடவை திருப்பினான். அதை நான் மறுபடியும் திருப்பினேன். ஜோடி மயில்கள் இத்தனை நாளும் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"யானை மாறிப் போனா என்ன ஆகும்?" என்று அவர் கேட்டார். "எனக்கு உங்க சாமி எந்தப் பக்கமா சுத்தும்னு தெரியாது. அதான் கேக்கறேன்."

எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்தது கோயிலைச் சுற்றியுள்ள வீதியில். பின்கட்டு நடுவில் நின்று, கிணற்றைக் கோயிலாகப் பாவித்து, அதற்கு எதிரே நான் பார்வையாளனாக நின்று, பிறகு நானே யானையாக நடந்து பார்த்தேன். கோயில் எப்போதும் யானையின் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்படியென்றால் வீதியில் கோயிலைப் பார்த்து நிற்கிறவனுக்கு யானைகள் வலக்கைப் பக்கமிருந்து வந்து இடக்கைப் பக்கம் போகும். முந்தானையில் பின்னால் கோபுரம் இருக்கிறது. ஆகவே யானைகள் இடப்பக்கம் பார்த்து நடக்க வேண்டும். மென்பொருளில் இருந்த படம் அப்படியே தறிக்குப் போயிருந்தால் எல்லா யானையும் வலப்பக்கம் பார்த்திருக்கும்.

"அய்யய்யோ" என்றார் நண்பனின் மனைவி. "கல்யாணப் பொண்ணு முந்தானையில சாமி அப்பிரதட்சணமா போவுதா? சம்பந்தி வீட்ல பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

நண்பன் எழுந்தான். சாயமேறிக் காத்திருந்த கல்யாணப் பாவைப் போய் ஒரு தடவை தடவிவிட்டு வந்தான்.

"இப்போதானே கண்டுபிடிச்சிருக்கோம், இன்னும் நெய்யலையேண்ணா" என்றார் அவர். அன்று அவர் சொன்ன ஒரே ஆறுதல் வார்த்தை அதுதான். "ரெண்டு பேரும் திருப்பறீங்க. யாராச்சும் ஒருத்தர் மட்டும் விடுங்க. நான் வீட்டுக்கு ஒரு ஃபோன் பேசிட்டு வரேன்."

அவர் வாசலுக்குப் போனார். நண்பனுக்கு என் மேல் இரக்கம், எனக்கு அவன் மேல் இரக்கம். "நீ விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன். "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் இரண்டு பேருக்கும் தான் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து நிரலிலிருந்து என் கண்டுபிடிப்பைக் கனத்த மனத்தோடு அழித்தேன். அவன் உள்ளே போய், தன் ஓவியத்தை ஃபோனில் படம் பிடித்து நேராக்கிக்கொண்டு வந்தான்.

இந்தத் தடவை ஒரே ஒரு யானையை மட்டும் நெய்தோம். புரட்டினோம். யானை வலப்பக்கம் பார்த்துக்கொண்டு கம்பீரமாக நின்றது.

அவர் இடுப்பில் கை வைத்தார். "ஒருத்தர்னு சொன்னேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நீ விட்டுட்டியா?" என்றான். "நீயும் விட்டுட்டியா?" என்றேன். நண்பனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போய்ச் சிரித்தது வெளியே கேட்டது.

இன்னும் ஒரு துண்டுக்குத்தான் நூல் இருந்தது. இந்தத் தடவை அவர் எங்களை நம்பவில்லை. "சார், நீங்க அழிச்சதைத் திரும்ப வைங்க. அண்ணா எப்பவும் நேராவே குடுக்கட்டும். நாளைக்கு வேற யாராச்சும் டிசைன் கொண்டாருவாங்க, திருப்பணும்னு அவங்களுக்குத் தெரியுமா? மெஷின் செய்யறது ஒரே மாதிரி இருக்கட்டும்."

"என் கை கேக்காதேம்மா" என்றான் நண்பன். "வரையறப்பவே திரும்பிடும்."

"ஃபோன் கேக்கும்ணா. வரைஞ்சதும் ஃபோன்ல திருப்பிட்டுக் குடுங்க. திரையில யானை கல்யாணத்துல எப்படிப் போகணுமோ அப்படியே தெரியணும். தெரியலைன்னா தறியில ஏறாதீங்க."

நான் என் கண்டுபிடிப்பை மீண்டும் குடியமர்த்தினேன். அவர் என் பின்னாலேயே நின்று பார்த்தார். நெய்தான். புரட்டினான். யானை இடப்பக்கம் பார்த்து நின்றது. அவர் நண்பனின் மனைவியைக் கூப்பிட்டு, என்ன ஏதென்று சொல்லாமல், "அக்கா, சாமி எந்தப் பக்கமா போவும்?" என்றார். அக்கா யோசிக்காமல் கையை வீசிக் காட்டினார். யானையும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. பின்கட்டில் கிணற்றைச் சுற்றி நான் யானையாக நடந்திருக்கவே வேண்டியதில்லை. அக்காவைக் கேட்டிருந்தால் போதும்.

அவர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். "நான் பாத்த வரைக்கும் வேற தப்பு கெடைக்கல" என்றார்.

"அவ்ளோதானா?" என்றான் நண்பன். "நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாமா?"

"என் வேலை அது இல்லண்ணா. கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க, வந்து சொல்றேன்."

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் பாவு ஏறியது. மகளுக்கு ஃபோன் செய்து, வெளியாள் வந்து பார்த்ததைச் சொன்னேன். "ஏதாச்சும் கண்டுபிடிச்சாங்களா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள். அந்த மக் துண்டைத் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். கொடுக்க முடியாமல் போயிற்று. ஃபீஸோடு அதையும் வெற்றிலை பாக்கில் வைத்து நண்பன் ஏற்கெனவே முசரவாக்கத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான். அவர் அதைச் சட்டம் போட்டு ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறாராம். நிரல் எழுதுகிறவர்கள் யாராவது வந்து, எல்லாம் நானே பார்த்துவிட்டேன் என்றால் அதை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாராம்.

கல்யாணம் ஊரிலேயே நடந்தது. தாலி கட்டி முடித்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியை வலம் வந்தார்கள். அவள் திரும்பும்போதெல்லாம் முதுகில் முந்தானை விரிந்தது. கோபுரத்துக்கு முன்னால் யானைகள் குடையோடு, அவசரமில்லாமல், போக வேண்டிய பக்கம் போய்க்கொண்டிருந்தன. நண்பன் மேடையில் இருக்க வேண்டியவன். மூன்றாவது வரிசையில், முசரவாக்கத்துப் பெண்மணி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தான். அவர் கையை மடியில் வைத்தபடி ஒரு விரலால் வட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெண் சுற்றி முடித்து உட்கார்ந்ததும் திரும்பி அவனைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுண்ணா" என்றார்.

ஊரில் பெரிய பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்து பாராட்டு வாங்கியவன், இந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடி மனைவியின் காதில் சொன்னான். எனக்கும் ஆசை வந்தது. பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்து, மென்பொருளைப் பற்றி மெதுவாக எடுத்தேன்.

"நல்லாதான் ஓடுது, இல்ல?"

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தார். "இன்னும் எதுவும் கெடைக்கல சார்" என்றார்.

சென்னையில் நான் வாங்கிய எந்தப் பாராட்டுப் பத்திரத்தையும்விட அது நம்பத் தகுந்ததாக இருந்தது. நான் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.